தாயின் பெயர் தாங்கிய கத்தி

காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும்போது நான் மறவாது எடுத்துச் செல்லும் பொருள்கள் மூன்று: மூக்குக்கண்ணாடி, பேனை, செந்நிறப் பிடியுடைய ஒரு சிறிய வில்லுக்கத்தி. முன்னிரண்டையும் கண்டு எவரும் வியப்பதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்தவனிடம் அவை இல்லாதிருந்தாற்றான் வியக்கவேண்டும். மூன்றாவதைக் கண்டவர்களோ ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கத் தவறுவதில்லை. கத்தியும் கையுமாகத் திரிபவன் என்று என்னைப் பிறருக்கு அறிமுகஞ் செய்துவைத்த நண்பர்களும் உளர்.

ஆயினும் அந்தக் கத்தி என் கையிலிருந்து செய்த காரியங்கள் யாவும் சாதுவானவையே. பென்சில் சீவியிருக்கிறது; புத்தகக் கட்டின் சணற்கயிற்றை அறுத்திருக்கிறது; மூக்குக்கண்ணாடியில் கழன்ற திருகாணியை முடுக்கியிருக்கிறது. மாணவரோடு சுற்றுலாச் சென்ற ஒரு மழைநாளில், திறப்பானைக் கொண்டுவர மறந்த சமையற்காரரின் மானத்தைக் காத்துப் பதினெட்டு மீன்பேணிகளைத் திறந்திருக்கிறது. இவ்வாறு பழகிய பழக்கம் பின்னர் பற்றாக முதிர்ந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, இன்று ஒரு பழைய பிஸ்கட் பேணியினுள்ளே பதினான்கு சுவிற்சர்லாந்துக் கத்திகள் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. ஞாயிறுதோறும் அவற்றை வெளியே எடுத்து, மூட்டுகளில் ஒரு துளி எண்ணெய் விட்டு, மடக்கி விரித்துப் பார்ப்பது என் ஓய்வுகாலப் பொழுதுபோக்கு.

நான் பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்கு ஓராண்டுக்கு முன்னர், வகுப்பிலே ஒரு மாணவி, கத்தியின் அலகடியிற் பொறித்திருந்த விக்டோரினொக்ஸ் என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் நாள்தோறும் சுமந்து திரிந்த ஒரு பொருளின் பெயரை அறியாதவனாக அன்று வகுப்பின்முன் நின்றேன். அந்த வெட்கமே என்னைக் கார்ல் எல்செனர் என்னும் மனிதரிடம் கொண்டு சேர்த்தது. அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவருடைய கைப்பொருள் உலகெங்கும் மனிதரின் பைகளில் உறங்குகிறது. அவருடைய வாழ்க்கையை அறிந்தவரோ மிகச் சிலரே.

தொப்பிக்காரரின் மகன்

கார்ல் எல்செனர் 1860ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பல்தாசார் தொப்பி செய்யும் தொழிலாளர். தாயார் பெயர் விக்டோரியா. தொப்பிக் கடைக்காரரின் மகன் தொப்பிக் கடைக்காரனாவதே அக்காலத்து வழக்கம். கார்லின் மனமோ கம்பளியிலும் நாடாவிலும் செல்லவில்லை, உருக்கின்மேற் சென்றது. கத்தி செய்யும் தொழிலை முறையாகப் பயின்றார்.

கைத்தொழில் கற்றவன் பயிற்சி முடிந்ததும் ஊரூராகச் சென்று வேற்றூர்ப் பட்டறைகளிலே வேலை செய்து திரும்புவது ஐரோப்பாவின் அந்தப் பகுதிகளில் நெடுங்காலமாக இருந்துவந்த மரபு. அம்மரபின்படி கார்ல் பாரிஸ் மாநகரிலும், ஜேர்மனியின் தென்பகுதியிலுள்ள துட்லிங்கன் என்னும் ஊரிலும் தொழில் செய்தார். துட்லிங்கன் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்குப் பேர்போன ஊர். மருத்துவர் கையிற் பிடிக்கும் கத்தியில் மயிரிழையளவு பிழை நேர்ந்தாலும் ஓர் உயிருக்கு நட்டம். அத்தகைய இடத்தில் வேலை பழகியவருக்கு உருக்கின் சூட்டையும் கூரையும் பற்றி வேறெவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பாரிசிலே நல்ல கைக்கு வேலை இருந்தது. துட்லிங்கனிலும் இருந்தது. ஊரிலேதான் வேலை இல்லை. கார்ல் ஊருக்குத் திரும்பினார்.

அந்த ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நாட்டுக்கே தன் பெயரைக் கொடுத்த சிறிய மாநிலம் சுவீற்ஸ். உழவர் சமூகங்கள் சில 1291ஆம் ஆண்டிலே செய்துகொண்ட உடன்படிக்கையைச் சுவிற்சர்லாந்து மக்கள் தங்கள் நாட்டின் பிறப்பாகக் கொண்டாடுகின்றனர். அவ்வுடன்படிக்கை ஏடு இன்றும் சுவீற்ஸ் நகரிலே பேணப்படுகிறது. புகழுக்குக் குறைவில்லை. வயிற்றுக்கோ அப்புகழ் உதவவில்லை. செங்குத்தான மலைச்சரிவு, புல்வெளி, மாடு, பால், பாற்கட்டி என்பவற்றுக்கு மேல் அங்கே பிழைப்புக்கு வழி குறைவு. நிலம் ஒரு மகனுக்குத்தான் போதும். மற்றைய பிள்ளைகள் எங்கே போவார்கள்? கப்பலேறினார்கள். அயல் மாநிலமாகிய கிளாருசிலிருந்து புறப்பட்டவர்கள் 1845ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் புதிய கிளாருஸ் என்றே ஓர் ஊரை அமைத்துக்கொண்டார்கள். விட்டுவந்த ஊரின் பெயரைப் புகுந்த ஊருக்கு இடும் ஏக்கம் எந்த மனித குலத்துக்கும் பொதுவானது போலும். 1880களில் இந்தக் குடிபெயர்வு மிகவும் பெருகியது. இன்று செல்வத்துக்கு உவமையாகச் சொல்லப்படும் நாடு, அன்று தன் பிள்ளைகளுக்குச் சோறிட இயலாது அவர்களைக் கடலுக்கப்பால் அனுப்பிக்கொண்டிருந்தது.

ஓடைக்கரைப் பட்டறை

அப்படிப்பட்ட காலத்தில், 1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருபத்துமூன்று வயதினரான கார்ல் எல்செனர் சுவீற்ஸ் நகரை அடுத்த ஈபாக் என்னும் சிற்றூரில் தம் பட்டறையைத் திறந்தார். தோபல்பாக் என்னும் ஓடை அருகே ஓடியது. அதன் நீர்விசையாற் சில்லைச் சுழலவைத்து, அச்சில்லினாற் சாணைக்கற்களை இயக்கினார். வீட்டுக் கத்திகளும் சத்திரசிகிச்சைக் கருவிகளும் அங்கே உருவாயின. மகனுடைய முயற்சிக்குத் தாயார் விக்டோரியா தொடக்கந்தொட்டே உறுதுணையாக நின்றார்.

நம்மூர்க் கம்மாலைகளைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. என் சிறுவயதில், எங்களூர்க் கம்மாலையிலே துருத்தி ஊதும் ஓசை விடியுமுன்னரே கேட்கும். அங்கே தீட்டிய சத்தகமும் பாளைக்கத்தியும் ஒரு தலைமுறைக்கு உழைத்தன. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கார்ல் தம் பட்டறையைத் தமக்கும் தம் குடும்பத்துக்கும் மாத்திரம் உரிய பிழைப்பாகக் கருதவில்லை. ஊரிலே வேலை இருந்தால் ஊரார் ஊரிலேயே இருப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். எளிய எண்ணந்தான். அதற்காக அவர் கொடுத்த விலை எளியதன்று.

போர்வீரர் கத்தி

1889ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்துப் படையினருக்குச் சிமிட்-ரூபின் என்னும் புதிய துப்பாக்கி வழங்கப்பட்டது. அதைக் கழற்றிப் பூட்டுவதற்குத் திருப்புளி தேவைப்பட்டது. போர்க்களத்து உணவோ தகரப்பேணியில் வரத் தொடங்கிவிட்டது. அதைத் திறக்க ஒரு கருவி வேண்டும். உண்பதற்கும் அறுப்பதற்கும் கத்தி வேண்டும். இவற்றை வெவ்வேறாகச் சுமப்பதிலும் ஒரே பிடியில் அடக்கிவிடுதல் நன்றென்று படைத்துறையினர் கருதினர். அதன்படி ஒரு மாதிரி வகுக்கப்பட்டது: கருமை ஏற்றிய ஓக் மரப்பிடி, அதனுள் ஒரு பெரிய அலகு, பேணி திறப்பான், தோலைத் துளைக்கும் ஊசி, திருப்புளி. 1890ஆம் ஆண்டின் மாதிரி என்பது அதன் பெயர்.

மாதிரி ஆயத்தமாயிற்று. செய்துகொடுக்க ஆளில்லை. பதினையாயிரம் கத்திகளை ஒருசேரச் செய்து கொடுக்கும் வல்லமை சுவிற்சர்லாந்தில் ஒரு பட்டறைக்கும் அன்று இருக்கவில்லை. ஆகவே முதற்கட்டளை எல்லை கடந்து, ஜேர்மனியின் வாள்நகரமாகிய சோலிங்கனுக்குச் சென்றது. தன் நாட்டைக் காக்க நிற்கும் போர்வீரனின் பையில் அயல்நாட்டுக் கத்தி!

கார்ல் எல்செனருக்கு இது பொறுக்கவில்லை. 1891ஆம் ஆண்டிலே நாட்டின் கத்தித் தொழிலாளரை ஒன்றுகூட்டிச் சங்கம் ஒன்றை நிறுவினார். ஏறத்தாழ இருபத்தைந்து பேர் சேர்ந்தனர். தனி ஒருவரால் இயலாததைப் பலர் பகிர்ந்து செய்வோம் என்பதே சங்கத்தின் நோக்கம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான் 1291ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அறுநூறாவது ஆண்டுவிழா அவருடைய சுவீற்சிலே பெருஞ் சிறப்போடு நடந்தது. ஒன்றுபட்டு நின்ற முன்னோரின் பெருமையை ஊரெங்கும் பேசிய அதே ஆண்டின் ஒக்டோபர் மாதத்தில், சங்கத்தார் செய்த கத்திகளின் முதற்றொகுதி படைக்கு ஒப்படைக்கப்பட்டது.

வீழ்ச்சி

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் விழா மேடைக்கு ஏற்ற கதையாக இருந்திருக்கும். வாழ்க்கை அவ்வாறு முடிவதில்லை.

சோலிங்கனில் பெருந் தொழிற்சாலைகள் இருந்தன. அங்கே இயந்திரங்கள் ஒரே அச்சில் ஆயிரமாயிரமாகக் கத்திகளை வடித்தன. ஈபாக்கிலோ ஓடைநீர் சுழற்றும் சாணைக்கல்லும் மனிதக் கைகளுமே இருந்தன. ஒரே வகைக் கத்தியை இருவரும் விற்கும்போது விலை குறைந்தவனே வெல்வான். அயல்நாட்டுக் கத்தி மலிவாக வந்தது. சங்கத்தார் செய்த ஒவ்வொரு கத்தியும் நட்டத்தைக் கொணர்ந்தது. அங்கத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகினர்.

அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எங்களூர்ச் சனசமூக நிலையத்தையும் இருபத்தைந்து பேர் கூடியே தொடங்கினோம். மூன்றாண்டு கழிந்தபின், மாலையில் கதவைத் திறந்து பத்திரிகையை விரித்து வைப்பதற்கு ஒருவரே எஞ்சினார். விலகியவர்கள் கெட்டவர்கள் அல்லர், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆனால் நிலையம் திறந்திருந்தது அந்த ஒருவராலே என்பதையும் மறைத்தலாகாது.

ஈபாக்கில் அந்த ஒருவர் கார்ல் எல்செனர். தனித்து நின்று படைக்குக் கத்தி கொடுத்தார். கொடுக்கக் கொடுக்கக் கடன் வளர்ந்தது. கைப்பொருள் முழுவதும் கரைந்தது. 1893ஆம் ஆண்டளவில் அவர் ஓட்டாண்டி ஆகும் நிலைக்கு வந்துவிட்டார். உறவினர் கைகொடுத்தமையாலும் கடன் கொடுத்தோர் பொறுத்தமையாலும் பட்டறை மூடப்படாமல் தப்பியது. அதே 1893இல், நாட்டின் மேற்கே பிரெஞ்சு மொழி வழங்கும் பகுதியிலுள்ள வேறொரு நிறுவனத்துக்கும் படைத்துறை கத்திக் கட்டளையைக் கொடுத்தது. பிற்காலத்தில் வெங்கர் என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. நாட்டுக்காகத் தொடங்கிய முயற்சியில் நாட்டின் கட்டளைகூட அவருக்கு முழுமையாக எஞ்சவில்லை.

முப்பத்துமூன்று வயது; கடன் சுமை; விலகிய தோழர்கள். துட்லிங்கனுக்கோ பாரிசுக்கோ மறுபடி போய்விடலாம். கையிலே தொழில் இருந்தது. அவர் போகவில்லை.

இரண்டு வில், ஆறு கருவி

போகாது நின்றவர் செய்தது என்ன என்பதிலேதான் இவ்வாழ்க்கையின் சாரம் இருக்கிறது. பெருந் தொழிற்சாலை செய்யும் அதே கத்தியை அதனிலும் மலிவாகச் செய்ய முயல்வது வீண் என்பதை அவர் கண்டார். ஆகவே பிறர் செய்யாத கத்திகளைச் செய்யத் தொடங்கினார். மாணவர் கத்தி, படைமாணவர் கத்தி, உழவர் கத்தி என்று வாழ்வின் ஒவ்வொரு படிக்கும் ஏற்ற மடக்குக் கத்திகள் அவருடைய பட்டறையிலிருந்து வெளிவந்தன.

போர்வீரர் கத்தி உறுதியானது, ஆனாற் கனமானது. அதிகாரிகளுக்கு அதனிலும் மெலிந்த, அழகிய கத்தி ஒன்றைச் செய்ய விரும்பினார். இடம் போதாமையே தடையாக இருந்தது. இதனை விளங்கிக்கொள்ள, வில்லுக்கத்தி எவ்வாறு இயங்குகிறதென்று அறிதல் வேண்டும். பிடியின் முதுகோரமாக வளைந்து கொடுக்கும் உருக்குத் தகடு ஒன்று இருக்கிறது. அதுவே வில். அலகின் அடிப்பகுதி அவ்வில்லை அழுத்திக்கொண்டிருக்கிறது. அலகைப் பாதி விரித்த நிலையில் பிடியின் முதுகைத் தடவிப் பார்த்தால், வில் சற்றே எழுந்திருப்பது விரலுக்குத் தெரியும். முழுதும் விரித்ததும் வில் பழைய இடத்தில் அமர்ந்து அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது எழும் 'டிக்' என்னும் ஓசை கத்தி வைத்திருப்போர் செவிக்கு இனியது. கருவிகளைக் கூட்டினால் அவற்றைத் தாங்கும் விற்களையும் தகடுகளையும் கூட்டவேண்டும். பிடி தடித்துப் பை தாங்காது.

1896ஆம் ஆண்டிலே கார்ல் இதற்கு விடை கண்டார். வில்லின் ஒரு பக்கம் மாத்திரம் வேலை செய்தால் மறுபக்கம் வீணே கிடக்கிறதல்லவா? ஒரே வில் பிடியின் இருபுறமும் கருவிகளைத் தாங்குமாறு அமைத்தார். முன்புறம் அலகுகளும் திறப்பானும் திருப்புளியும். முதுகுப்புறம் துளையூசியும் தக்கைத் திருகும். இரண்டு விற்கள், ஆறு கருவிகள். பிடியோ மெலிந்தது, எடையும் குறைந்தது. 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் இக்கத்திக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்றார். அதிகாரிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் உரிய கத்தி என்று பெயரிட்டார்.

இதிலொரு வேடிக்கை உண்டு. அதிகாரிகளின் பெயர் பூண்ட அக்கத்தியைப் படைத்துறை எந்த அதிகாரிக்கும் வழங்கவில்லை. மதுப்புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் கருவி போருக்கு இன்றியமையாததன்று என்பது துறையினரின் துணிபு. அதிகாரிகளோ தத்தம் பணத்தைக் கொடுத்துக் கடையில் வாங்கினார்கள். பின்னர் அதிகாரியல்லாதாரும் வாங்கினார்கள். அரசின் கட்டளையை நம்பி வீழ்ந்த பட்டறையை, எவருடைய கட்டளையுமின்றிப் பிறந்த கத்தி தூக்கி நிறுத்தியது.

என் பிஸ்கட் பேணியில் ஸ்பார்ட்டன் என்னும் பெயருடைய கத்தி ஒன்று உண்டு. மடக்கினால் 91 மில்லிமீற்றர் நீளம். எடை ஏறத்தாழ 60 கிராம். 1897ஆம் ஆண்டுக் கத்தியின் நேர்வாரிசு அதுவே. அதை விரித்து அதன் முதுகை நோக்கும்போதெல்லாம், கடன்பட்டு நின்ற ஒரு மனிதர் வீணாய்க் கிடந்த அரை அங்குல இடத்தைக் கண்டுபிடித்த கதை எனக்கு நினைவுக்கு வரும். இல்லாமையைச் சொல்லிக்கொண்டிராமல், இருப்பதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார் அவர்.

அன்னையின் பெயர்

1908ஆம் ஆண்டிலே படைத்துறை தன் தேவையை இரு நிறுவனங்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தது. ஜேர்மன் மொழிப் பகுதிக்கு ஒன்று, பிரெஞ்சு மொழிப் பகுதிக்கு ஒன்று என்னும் இந்தப் பங்கீட்டினால் பூசல் தவிர்ந்தது. பல மொழி பேசுவோர் ஒரு நாட்டில் வாழ்வதற்குரிய விவேகம் ஒரு மடக்குக் கத்தியிலும் வெளிப்பட்டது என்பதை நம் நாட்டவர் சிறிது நின்று எண்ணலாம்.

1909ஆம் ஆண்டில் தாயார் விக்டோரியா காலமானார். பட்டறையின் முதல் நாளையும் வீழ்ச்சியின் நாள்களையும் எழுச்சியையும் உடனிருந்து கண்டவர் அவர். மகன் அன்னைக்குக் கல்லில் நினைவுச் சின்னம் எழுப்பிப் பெயர் பொறித்ததோடு அமையவில்லை. தம் கத்திகளுக்கே விக்டோரியா என்று பெயரிட்டார். கேடயத்தினுள்ளே வெண்சிலுவை பொறித்த சின்னத்தையும் அவ்வாண்டில் தம் வணிகக்குறியாகப் பதிவுசெய்தார். அன்றுதொட்டு அவருடைய பட்டறையிலிருந்து வெளிப்பட்ட கத்திகள் ஒரு தொப்பிக்காரர் மனைவியின் பெயரைத் தாங்கிச் சென்றன.

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டது. நடுநிலை நாடாயினும் சுவிற்சர்லாந்து தன் ஆடவரை எல்லைக்கு அழைத்தது. போர்வீரர் கத்திகள் அவர்களோடு எல்லையில் நின்றன. போர் ஓய்ந்த சில வாரங்களில், 1918ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், கார்ல் எல்செனர் கண்மூடினார். வயது ஐம்பத்தெட்டு.

அவர் காணாத ஒன்று உண்டு. அவர் காலத்துக் கத்திகள் யாவும் துருப்பிடிப்பவை. கடற்காற்று வீசும் ஊரிலே வாழும் நமக்குத் துருவைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. மாங்காய் அறுத்துவிட்டுத் துடையாது வைத்த கத்தி மறுநாட்காலையில் எப்படிக் கறுத்திருக்கும் என்பதை அறியாத வீடு நம்மிடையே இல்லை. துருவேறா உருக்கு முதலாம் உலகப்போருக்குச் சற்று முன்னரே கண்டறியப்பட்டது. 1921ஆம் ஆண்டில் அது ஈபாக்கிற்கு வந்தது. அவ்வுருக்கைப் பிரெஞ்சு மொழியில் இனொக்ஸ் என்று சுருக்கி வழங்குவர். மகனார் விக்டோரியாவோடு இனொக்சைச் சேர்த்தார், விக்டோரினொக்ஸ் பிறந்தது. தாயின் பெயர், அதனைத் தொடர்ந்து துருப்பிடியாமை. வகுப்பிலே நான் சொல்லத் தவறிய விடை இதுவே. இரண்டு கிழமை கழித்து அந்த மாணவியைத் தேடிச்சென்று சொன்னேன்.

அவர் விட்டுச் சென்றது

பின்வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1931ஆம் ஆண்டிலே முற்றிலும் மின்சாரத்தால் இயங்கும் உருக்குப் பதனிடும் கூடம் ஈபாக்கில் அமைந்தது. இரண்டாம் உலகப்போரின் பின் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படையினர் இக்கத்திகளை ஏராளமாக வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். ஜேர்மன் மொழிப் பெயர் அவர்கள் நாவிற்குப் பிடிபடாமையால், சுவிஸ் ஆர்மி நைஃப் என்று தாமே ஒரு பெயர் வைத்தனர். உலகம் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் எல்செனர் குடும்பத்தார் நிறுவனத்தின் பெரும்பங்கை ஓர் அறநிதியத்துக்கு உரித்தாக்கினர். 2005ஆம் ஆண்டிலே வெங்கர் நிறுவனமும் விக்டோரினொக்சோடு இணைந்தது. 2007ஆம் ஆண்டு நான்காம் தலைமுறையினர் தலைமையை ஏற்றார்.

ஒரு சோதனையை மாத்திரம் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த பேரழிவின் பின், விமானப் பயணிகள் கத்தி கொண்டுசெல்வது எங்கும் தடுக்கப்பட்டது. விமான நிலையக் கடைகளிலே அடுக்கியிருந்த செந்நிறக் கத்திகள் ஒரே இரவில் அகன்றன. விற்பனை நூற்றுக்கு 30 வீதமளவில் வீழ்ந்தது. வேறிடமாயின் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஈபாக்கில் விற்பனை வீழ்ந்ததற்காக ஒருவரும் வேலையிழக்கவில்லை. சிலரை அயலிலுள்ள நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக வேலைக்கு அனுப்பினர். வேலை நேரத்தை மாற்றியமைத்தனர். ஊரிலே வேலை இருந்தால் ஊரார் ஊரிலே இருப்பர் என்ற 1884ஆம் ஆண்டின் எண்ணம், அதை எண்ணியவர் மறைந்து எண்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னரும் அங்கே உயிரோடிருந்தது.

அந்த விமான நிலையத் தடையை நானும் அனுபவித்தேன். 2012ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்துக்குப் போனபோது, பழக்கத்தின் காரணமாகக் கத்தி சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. சோதனை அதிகாரி அதை எடுத்து, அருகிருந்த பெட்டியுள் போட்டுவிட்டார். அவர்மீது தவறில்லை, தவறு என்னுடையது. எனினும் பதினைந்து ஆண்டுகள் உடனிருந்த துணை அது. அதைத் தந்தவனையே காணப் போகிறேன் என்பதுதான் என்னை வருத்தியது.

தந்தவன் என் பழைய மாணவன். 1985ஆம் ஆண்டு, பத்தொன்பதாவது வயதில் ஊரைவிட்டுப் போனவன். அக்காலத்திலே நம் பிள்ளைகள் பல்லாயிரவர் போன வழி அது. அவர்களுட் பலரைச் சுவிற்சர்லாந்து ஏற்றுக்கொண்டது. உணவகங்களிலே பாத்திரம் கழுவித் தொடங்கி, மொழி கற்று, குடும்பம் அமைத்துத் தலைநிமிர்ந்தவர்களுள் அவனும் ஒருவன். 1997இல் எனக்கு அனுப்பிய முதற் கத்தி அதுதான். இழந்ததைச் சொன்னதும் சிரித்துவிட்டு மறுநாளே வேறொன்று வாங்கித் தந்தான். அதனோடு பழம்பொருட் சந்தையிலே கண்டெடுத்த போர்வீரர் கத்தி ஒன்றையும் கொடுத்தான். சாம்பல்நிற அலுமினியப் பிடி கொண்ட 1961ஆம் ஆண்டு மாதிரி. அத்தகைய கத்திகளின் அலகடியிலே அவை செய்யப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறிப்பது வழக்கம். அதிலே 83 என்றிருந்தது. அவன் அதைக் காட்டினான், ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

என் வேண்டுகோளின்படி ஈபாக்கிற்கு அழைத்துச் சென்றான். மீத்தன் என்னும் இரட்டை மலைமுடிகள் ஊரின்மேற் கவிந்து நிற்கின்றன. தொழிற்சாலை அங்கேயே இருக்கிறது. வேலை முடிந்து சைக்கிள்களில் வீடு திரும்பும் மனிதரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். அவர்களுட் பலர் அவ்வூரிற் பிறந்து அவ்வூரிலேயே வாழ்பவர்கள் என்று அவன் சொன்னபோது அவனுடைய குரல் சிறிது மாறியிருந்தது.

அவனுடைய தாயார் எங்களூரிலே தனித்திருக்கிறார். மகன் இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து மூன்று கிழமை தங்கிச் செல்வான். அவருக்கும் ஒரு செந்நிறக் கத்தி அனுப்பியிருக்கிறான். விரல்கள் விறைத்துப்போனமையால், அலகிலுள்ள நகக்குழியிற் பிடித்து அதை விரிக்க அவரால் இயலாது. நான் போகும்போதெல்லாம் விரித்துக் கொடுப்பேன். அவர் மாம்பழம் சீவுவார். சென்ற மாதம் அவ்வாறு விரித்தபோது, அலகிலே இருப்பது ஒரு தாயின் பெயர் என்று சொல்லி, இக்கதை முழுவதையும் அவருக்குக் கூறினேன். பொறுமையாகக் கேட்டார். பின்னர் ஒன்றை மாத்திரம் வினவினார்: அந்தப் பிள்ளை வெளியூர் போய்த் தாயிடம் திரும்பி வந்ததா?

வந்தது என்றேன். வந்து ஓடைக்கரையிலே பட்டறை வைத்தது என்றேன்.

அவர் தலையசைத்தார். மாம்பழத்தை நான்காகப் பிளந்து, கொட்டையை ஒதுக்கி, கன்னத்துண்டை என்னிடம் நீட்டினார். கத்தியை நீரிற் கழுவித் தம் சேலைத் தலைப்பினால் ஈரம் போகத் துடைத்தார். துருப்பிடியாத கத்தி, துடைக்க வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் விட்டுவிட்டேன்.